‘அருமை, தொடருங்கள்’ கோஷ்டி மைசூர் போன கதை

வலைப்பதிவு எழுதுகிறேன் என்று சொன்னால் ஜனங்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். பாதிப் பேர் “அதெல்லாம் இன்னும் இருக்கா?” என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் பரிதாபப்பட்டு பேச்சை மாற்றிவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் இரண்டையும் செய்வார். “மைசூருக்குப் போறேன், பதிவர் சந்திப்பு” என்று நான் பையைத் தூக்கியபோது, “எத்தன பேரு? நாலு பேரா?” என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். நான் செருப்பைத் தேடப் போனேன். நாலு பேர்தான்.

எங்கள் கோஷ்டி ஒரு காலத்தில் பெரிய கூட்டம். பலர் எழுதுவதை விட்டுவிட்டார்கள், சிலர் வீடியோ போடப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள்தான். எங்களுக்கென்று ஒரே ஒரு சட்டம் உண்டு. நம்மில் யார் பதிவு போட்டாலும் அதன் அடியில் உடனே பின்னூட்டம் விழவேண்டும். கல்யாண வீட்டு மொய் மாதிரி. நீ எனக்குப் போட்டால் நான் உனக்குப் போடுவேன். பின்னூட்டம் இல்லாமல் ஒரு பதிவு அனாதையாகக் கிடப்பதைப் பார்க்க எங்களுக்கு மனசு தாங்காது. பதிவைப் படித்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை. “அருமை, தொடருங்கள்” என்றால் கணக்குத் தீர்ந்தது.

இந்தச் சட்டம்தான் எங்களை மைசூருக்குக் கொண்டுபோய் விட்டது.

மைசூரில் இருக்கும் வசந்தா அக்கா ‘கறிவேப்பிலைக் காம்பு’ என்ற பெயரில் பல வருஷமாக எழுதுகிறவர். சமையல் பாதி, வீட்டு வம்பு பாதி. அவர் எழுதிவந்த இலவசத் தளம் கடையை மூடப்போவதாக அறிவித்தது. நாங்களெல்லாம் வேறு இடத்துக்கு என்றோ ஜாகை மாறியிருந்தோம். அக்கா மட்டும் அங்கேயே இருந்தார். ‘வருகிற ஞாயிறு மாலையோடு இந்தத் தளம் மறைந்துவிடும். எழுதியதை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி, வணக்கம்’ என்று உருக்கமாக ஒரு பதிவு போட்டார். அதன் அடியில் கும்பகோணம் பரமசிவம் சார் வழக்கம்போல் ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதினார். நான் ‘சூப்பர் அக்கா! நாவில் நீர் ஊறுகிறது!’ என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் கர்நாடகத்துக் கௌதள்ளியிலிருந்து எங்கள் நாலாவது ஆள் மாதப்பன் போன் செய்தார்.

“அக்கா, வசந்தாம்மா எழுதினதப் படிச்சீங்களாக்கா?”

“படிச்சேனே. நல்லா இருந்துச்சு.”

“கடைய மூடறாங்கன்னு எழுதியிருக்காங்க. நீங்க நாக்குல தண்ணி ஊறுதுன்னு போட்டிருக்கீங்க.”

மாதப்பனுக்கு அந்த ஊரில் செல்போன் கடை. வலைப்பதிவில் எழுதுவது முழுக்கத் தன் ஆடுகளைப் பற்றி. படித்தது கன்னட மீடியம். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் ஒரு வரி விடாமல் படிப்பார். எங்களுக்கு சரளமாகப் படிக்க வரும், அதனால் நாங்கள் படிப்பதில்லை.

வெள்ளிக்கிழமையே மைசூரில் கூடி, அக்கா எழுதிய எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவது என்று முடிவானது. அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வீட்டிலிருந்து செய்கிறேன் என்று சொன்ன எந்தப் பதிவரும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தவிர, மைசூர் பார்த்த மாதிரியும் ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை மைசூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “திண்டி ஆய்த்தா, மேடம்?” என்றார். டிபன் ஆச்சா என்கிறார், அவ்வளவு புரிந்தது. முன்பின் தெரியாத ஆள் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று நெகிழ்ந்து, “இன்னும் இல்லண்ணே, நேத்து ராத்திரியும் சரியா சாப்பிடல” என்று விளக்கமாகச் சொன்னேன். நல்ல ஓட்டலாகப் பார்த்து நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நேராக ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எதிரே வந்த இன்னொரு டிரைவரிடமும் அதையே கேட்டார். அந்த ஆளும் பதில் சொல்லாமல் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நானே ஒரு ஓட்டலைக் கண்டுபிடித்து மசாலா தோசை சாப்பிட்டேன். தோசைக்கு உள்ளே சிவப்புச் சட்னியைத் தடவி, மேலே வெண்ணெயை வைத்துத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள ஒரே ஒரு தேங்காய்ச் சட்னி. எங்கள் மதுரையில் ஒற்றைச் சட்னியோடு தோசையை நீட்டினால் சர்வரைச் சும்மா விடமாட்டார்கள். சாம்பாரில் வெல்லம் வேறு. முதல் வாய்க்குக் கோபம் வந்தது. பிறகு சமாதானமாகி இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

அக்கா வீடு தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே. மார்க்கெட்டைக் கடக்கும்போது ஒரு பூக்காரர் வழிமறித்து மைசூர் மல்லிகையை என் மூக்கருகே நீட்டினார். மதுரைக்காரியிடம் மல்லிகைப்பூ விற்க ரொம்ப தைரியம் வேண்டும். முகர்ந்து பார்த்தேன். வாசனை நன்றாகவே இருந்தது. ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே, சுமார்தான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன்.

கதவைத் திறந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பல வருஷமாக எழுத்தில் மட்டும் பழகிய ஆள். கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று தயாராக நின்றேன்.

“கற்பகமா? பன்னி, பன்னி. போட்டோல இன்னும் ஒல்லியா இருந்தே, அல்வா?”

பன்னி என்றால் கன்னடத்தில் வாங்க, அல்வா என்றால் இல்லையா என்று பிறகுதான் தெரிந்து ஆறுதலடைந்தேன்.

மற்ற இருவரும் முன்பே வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரமசிவம் சார் மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். கோயில்களைப் பற்றி பாகம் பாகமாக எழுதுவார். எந்தக் கோயிலும் அவர் பதிவில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அக்காவின் கணவரைக் காணோம். பதிவர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மண்டியாவில் தம்பி வீட்டுக்கு ஓடிவிட்டாராம்.

அக்காவின் அப்பா ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவர். கணவர் மண்டியாக் கன்னடக்காரர். மகள் ஷ்ருதி ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், கன்னடமும் இங்கிலீஷும் பேசுகிறாள், தமிழ் கொஞ்சம் வரும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

“இந்த வீட்ல தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்” என்றார் அக்கா, எனக்குக் காபியை ஆற்றியபடி. “மளிகை சாமான்கூட கன்னடத்துலதான் எழுதிக் குடுக்கணும். தமிழ்ல எழுதி யாருக்குக் காட்டறது, சொல்லு? அதுக்குத்தான் பிளாக். அதுவும் போயிடுச்சுன்னா அப்புறம் நான் தமிழ்ல பேசறதுக்கு டிவிதான். அது திருப்பிப் பேசாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாக்கில் நீர் ஊறிய விஷயத்தை அவர் மறந்திருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்குச் சில வருஷங்கள். ஒவ்வொரு பதிவாகத் திறந்து, வெட்டி, ஷ்ருதி தயார் செய்து வைத்திருந்த கோப்புக்குள் ஒட்டவேண்டும். ஷ்ருதி திரையில் ஒரு பதிவின் அடிப்பகுதியைக் காட்டி, வேண்டுமா என்று பாதிக் கன்னடத்தில் கேட்டாள்.

“அங்கிள், கீழ இருக்கே, இதுவும் பேக்கா?”

பரமசிவம் சார் எட்டிப் பார்த்தார். “அது வேண்டாம்மா. அது வெறும் அரட்டை, கும்மி. எழுத்துதான் முக்கியம்.”

நானும் பலமாகத் தலையாட்டினேன். மாதப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அடுத்த தட்டு பஜ்ஜி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் நாங்கள் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய பதிவைத் திறந்தால் பழைய சண்டை வருகிறது. தேங்காய் போட்டால் அது கூட்டா பொரியலா என்று என்றோ பாதியில் விட்ட வாக்குவாதத்தை பரமசிவம் சார் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். இருட்டுவதற்குள் ஒரு வருஷத்தைக்கூட முடிக்கவில்லை.

சனிக்கிழமை இதைவிட மோசம். நஞ்சன்கூடு கோபுரத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் தன் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள் என்றார் பரமசிவம் சார். அவருடைய வாசகர்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம், நாங்கள் தாராளமாக மன்னித்திருப்போம். கேட்கவில்லை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். போனது நன்றாகத்தான் இருந்தது. கோபுரம் நிஜமாகவே பெரிது. வாசலில் வாங்கிய ரசபாளே வாழைப்பழத்தின் தோல் கறுத்துக் கிடந்தது. உள்ளே என்ன தித்திப்பு! எங்கள் சிறுமலைப் பழத்துக்குப் போட்டி என்றால் அதுதான். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போதுதான் வினை. பஸ்ஸின் பெயர்ப்பலகை கன்னடத்தில் இருந்தது.

“கவலையே படாதே கற்பகம். கன்னடமும் தெலுங்கும் ஏறக்குறைய ஒரே எழுத்து. எனக்குத் தெலுங்கு வரும்” என்றார் சார். பலகையை அண்ணாந்து பார்த்தார். “மைசூரு. ஏறு.”

ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கோபுரத்தின் வரலாற்றைத் தொடங்கினார், நான் தூங்கினேன். கண் விழித்தபோது வெளியே வயலாக ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். “மைசூரு, இரண்டு” என்றார் சார். கண்டக்டர் எங்களை இரக்கத்தோடு பார்த்துக் கன்னடத்தில் சொன்னதை முன் சீட்டுப் பெண்மணி தமிழில் சொன்னார்: “இது மைசூர்லேந்து வர்ற பஸ், மைசூருக்குப் போற பஸ் இல்ல. குண்டலுப்பேட்டை போகுது.”

பலகையில் ‘மைசூரு’ என்று இருந்தது உண்மைதான். அதற்கு அடுத்த வார்த்தை குண்டலுப்பேட்டை. சார் முதல் வார்த்தையைப் படித்துவிட்டு ஏறியிருக்கிறார். பதிவுகளையும் அவர் அப்படித்தான் படிப்பார்.

ஏதோ ஒரு நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள். கண்டக்டர் கதவில் தொங்கியபடி, “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். பகல் முழுக்க வாழைப்பழம் மட்டும்தான் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். பஸ் போய்விட்டது. எதிர்த்திசை பஸ் வரும்வரை வெயிலில் நின்றோம்.

நாங்கள் வீடு சேரும்போது மாதப்பன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, எங்கள் வருஷங்களையும் சேர்த்துப் பாதி முடித்திருந்தார்.

“சாமி நல்லாத் தெரிஞ்சுதுங்களா சார்?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் தலை நிமிராமல் வேலை செய்தோம். மத்தியானத்துக்குள் கடைசிப் பதிவு வரை முடிந்தது. பரமசிவம் சார் எல்லாம் அடங்கிய பென் டிரைவை ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றி, அக்காவிடம் நீட்டினார். பிஸிபேளே பாத்தும் பாயசமும் ஆனது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

“எல்லாம் இருக்கு. ரொம்ப சந்தோஷம்” என்றார். இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தார். “பின்னூட்டமெல்லாம் எங்கே?”

“அதையெல்லாம் விட்டுட்டோம்மா” என்றார் சார். “உங்க எழுத்துதானே பொக்கிஷம்?”

“நான் எழுதினது எனக்குத் தெரியும் சார். நான்தானே எழுதினேன்?” அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “நீங்க எழுதினதுதான் எனக்கு வேணும்.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நாங்க என்னக்கா எழுதினோம்? அருமைன்னு எழுதினோம். அதுவும் படிக்காம.”

“தெரியாதா எனக்கு? நான் பல்லு புடுங்கிட்டு வந்து எழுதின அன்னிக்கும் உனக்கு நாக்குல எச்சி ஊறிச்சு. கடைய மூடறேன்னு எழுதினேன், அன்னிக்கும் ஊறிச்சு.”

மறக்கவில்லை. ஒன்றைக்கூட மறக்கவில்லை. தரை பிளந்தால் கீழே பாத்திரக் கடைக்குள் விழுந்துவிடலாம் என்று இருந்தது.

“இந்த ஊர்ல தெருவுல பார்க்கறவங்க எல்லாரும் ஊட்டா ஆய்த்தான்னு கேப்பாங்க. கவனிச்சியா?” என்றார் அக்கா.

“என்கிட்டயும் கேட்டாங்கக்கா. ஒருத்தரும் போடல.”

“சோறு போடறதுக்கா கேக்கறாங்க? சும்னே கேக்கறது. பதில்கூட நின்னு கேக்கமாட்டாங்க. ஆனா ஒரு நாள் யாருமே கேக்காம போனா எப்படி இருக்கும்? தமிழ்ல என்னை அப்படிக் கேட்டவங்க நீங்க மட்டும்தான். ஊரடங்கு நேரத்துல நான் காய்ச்சல்ல தனி ரூம்ல கெடந்தப்ப தினம் ஒரே ஒரு வரி எழுதுவேன். ‘இன்னும் இருக்கேன்’னு. அதுக்குக் கீழ நீங்க எல்லாரும் சேர்ந்து அந்தாக்ஷரி பாடினீங்க, சண்டை போட்டீங்க, ரசம் எப்படி வைக்கணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தீங்க. போன கையில வெச்சுட்டே தூங்குவேன். அத நான் எங்க போய் எழுதறது, சொல்லு?”

பரமசிவம் சார் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷ்ருதிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, அம்மாவின் முகம் புரிந்திருக்க வேண்டும். எழுந்து போய் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள்.

“ஒட்டறதெல்லாம் லேட் ஆகும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். யார் யார் எந்த வருஷம்?” என்றாள்.

அந்த மத்தியானம் நாங்கள் வேலை செய்ததுபோல் வாழ்க்கையில் எதற்கும் செய்ததில்லை. காய்ச்சல் பதிவுகளைத்தான் முதலில் திறந்தோம். நாட்டில் உள்ள எல்லோரும் அன்றைக்குத்தான் அந்தத் தளத்தைத் திறந்தார்களோ என்னவோ, அப்படி நொண்டியது. வட்டம் சுற்றிச் சுற்றி ஒரு பக்கம் திறந்தால், மிச்சப் பின்னூட்டங்களைக் காண இன்னொரு முறை அமுக்கவேண்டும், இன்னொரு வட்டம் சுற்றும். திறந்த பக்கத்தில் என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. ஷ்ருதி பரீட்சையில் தவறிய பதிவுக்கு பரமசிவம் சார் ‘பயனுள்ள தகவல்’ என்று எழுதியிருந்தார். சார் அதை வாய்விட்டுப் படித்து, தலையில் அடித்துக்கொண்டு, அப்படியே படம் எடுத்தார். நடுநடுவே மாதப்பனின் பின்னூட்டங்கள் வரும், பிழையும் பாசமுமாகப் பதிவை விட நீளமாக. அவற்றைப் படம் எடுக்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

“இது என்ன வர்ட்?” என்று ஷ்ருதி திரையில் விரலை வைத்தாள். “எல்லாத்துலயும் இதுவே இருக்கு.”

“அருமை” என்றேன்.

“அப்படீன்னா?”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதப்பன்தான் சமாளித்தார். “வந்துட்டுப் போனேன்னு அர்த்தம்மா.”

அதன் பிறகு அவளுக்கு ஒரு விளையாட்டு. எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த வார்த்தையின் உருவம் பிடிபட்டுவிட்டது. தென்படும் போதெல்லாம் “அருமே!” என்று கூவுவாள். அக்கா திருத்துவார். வீடு முழுக்க அருமையாகவே இருந்தது.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் எல்லாத் திரைகளிலும் ஒரே சமயத்தில் வட்டம் நின்றது. ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வந்தது. காய்ச்சல் வாரம் முழுசாகக் கிடைத்திருந்தது. பழைய வருஷங்கள் பெரும்பாலும் கிடைத்தன. கடைசிச் சில வருஷங்களின் பின்னூட்டங்கள் போய்விட்டன, மூடுவிழாப் பதிவும் அதன் அடியில் இருந்த என் நாக்கும் உட்பட. அது ஒன்றுக்கு மட்டும் உள்ளூர சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஹோக்லி விடு, போனது போகட்டும்” என்று எழுந்து காபி போடப் போனார். அவர் உள்ளே இருக்கும்போதே ஷ்ருதி புது இடத்தில் ஒரு தளம் தொடங்கி, ‘கறிவேப்பிலைக் காம்பு’ என்ற தலைப்பை என்னை அடிக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன். பலகையை நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினேன். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்த அம்மாள், “திண்டி ஆய்த்தா?” என்றார். “ஆய்த்து, உங்களுக்கு?” என்றேன். அவரும் ஆய்த்து என்றார். இரண்டு பேருக்கும் ஏனோ திருப்தியாக இருந்தது.

ஊர் தாண்டுவதற்குள் செல்போன் சிணுங்கியது. அக்காவின் புதுத் தளத்தில் முதல் பதிவு. மூன்று தமிழர்கள் வீட்டுக்கு வந்து பாயசத்தைக் காலி செய்த கதை. குண்டலுப்பேட்டை இருந்தது, என் உடம்பு இருந்தது, எல்லாம் இருந்தது. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். சில இடங்களில் சத்தமாகச் சிரித்து பக்கத்து அம்மாளைப் பயமுறுத்தினேன். பிறகு ஆற அமர ஒரு பின்னூட்டம் எழுதினேன். பாயசத்தில் ஏலக்காய் ஜாஸ்தி, நான் அப்படியொன்றும் குண்டில்லை, அடுத்த தடவை நீங்கள் மதுரைக்கு வாருங்கள் என்று உண்மையான பின்னூட்டம். முதல் ஆளாகப் போட்டு மற்ற இரண்டு பேர் வயிற்றையும் எரியவிட வேண்டும் என்று அவசரமாக அமுக்கினேன்.

இரண்டாவதாகத்தான் விழுந்தது. மேலே ஏற்கெனவே ஒன்று இருந்தது, ஷ்ருதியின் பெயரில். நேற்று எடுத்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தேடி அடித்திருக்க வேண்டும். ‘அருமை’ என்று இருந்தது. பதிவில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல் போட்டிருக்கிறாள். எங்கள் கோஷ்டியில் சேர இதைவிட என்ன தகுதி வேண்டும்?

அதற்கு அக்கா பதில் எழுதியிருந்தார். மகளுக்கு என்பதால் கன்னடத்தில், நீளமாக. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. அதன் அடியில் ‘அருமை, தொடருங்கள்’ என்று போட்டேன்.